நான்காவது பாட்டின் குரல்

பஞ்சு சுற்றிய குச்சியை ஸ்பிரிட்டில் தோய்த்து, நவீன் அந்தப் பழைய கேசட் டெக்கின் ஹெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தான். அடையாறில், இரண்டாவது மாடியில், ஜன்னலே இல்லாத ஒரு சவுண்ட் ரூம். ஏசி போட்டு மூடியிருந்ததால் ஸ்பிரிட் வாடை வெளியே போக வழியில்லாமல் அங்கேயே சுற்றியது. மற்றவர்களுக்கு அது ஆஸ்பத்திரியை ஞாபகப்படுத்தும். எனக்கு உன் ஞாபகம்தான் வந்தது. நம்மிடம் ஸ்பிரிட் ஏது? உன் மாமாவின் ஷேவிங் லோஷனைத் திருடிக்கொண்டு வந்துதான் நீ ஹெட் துடைப்பாய். துடைத்து முடித்ததும் மிச்சத்தைக் கன்னத்தில் தடவிக்கொள்வாய். அந்தக் கன்னத்தில் அப்போது நான்கு முடிகூடக் கிடையாது.

"ரெடி சார். சைடு ஏ, நாலாவது பாட்டு," என்றான் நவீன்.

உன் மகள் திவ்யா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பாட்டு ஆரம்பித்ததுமே கண்ணை மூடிக்கொண்டாள். முதலில் சேகரின் டிரம்ஸ், பிறகு உன் கிடார், அதற்கடியில் என் பேஸ் கிடார். அதன்பின் குரல் வந்தது. 'பாலத்துக்குக் கீழ தண்ணி போவுது, பாத்துக்கினே நம்ம வயசும் போவுது...'

"இதுதான் அங்கிள் எங்கப்பா," என்றாள் கண்ணைத் திறக்காமலே. "மத்த பாட்டுலல்லாம் கத்துறாரு. இதுல மட்டும்தான் என்னாண்ட பேசுற மாதிரி இருக்கும்."

நான் தலையை ஆட்டினேன். அது உன் குரல் இல்லை, என்னுடையது. அந்த அறையில் இருந்தவர்களில் அது தெரிந்தவன் நான் ஒருவன்தான். உனக்குத் தெரியும், ஆனால் நீ இல்லை.

நீ போய் இரண்டு வருஷம் ஆகிறது. கால்வாய்க்கரையில் இருந்த உங்கள் மயிலாப்பூர் வீட்டை இடித்துப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பினார்களே, அப்போது பீரோவைக்கூட விட்டுவிட்டு ஒரு பிஸ்கட் டப்பாவைத் தூக்கிக்கொண்டு போனாயாம். நீ இறந்த பிறகு திவ்யா அதைத் திறந்து பார்த்திருக்கிறாள். உள்ளே நம் பேண்டின் கேசட்டுகள் அத்தனையும் இருந்திருக்கின்றன. அவற்றில் அந்த நான்காவது பாட்டை மட்டும் செல்போனில் ஏற்றி ஊருக்கே கேட்கவிட்டாள். யார் யாரோ கேட்டார்கள். நவீனும் அவன் சிநேகிதர்களும் சேர்ந்து ஒரு சின்ன இசைக் கம்பெனி நடத்துகிறார்கள். அவர்கள் தேடி வந்தார்கள். நம் பேண்டின் பெயரிலேயே 'ஈயம் பித்தளை: முதல் பதிவுகள்' என்று பதினான்கு பாட்டோடு ஓர் இசைத்தட்டு. இப்போது மறுபடி கறுப்புத் தட்டுதான் ஃபேஷனாம். முதல் பதிவுகள் என்று தலைப்பு வைத்திருக்கிறார்களே, நமக்கு ஏது பிந்தைய பதிவுகள்? தொடக்கத்திலேயே முடிந்துபோன ஆட்கள் நாம். நீ கேட்டிருந்தால் அன்று முழுக்கச் சிரித்திருப்பாய்.

பதினான்கில் பத்துப் பாட்டு தி. நகரில் எங்கள் பாத்திரக் கடை மாடிக் குடோனில் பதிவு செய்தவை. அப்பா கீழே வியாபாரம் பார்ப்பார். நான் சரக்கு எண்ணுகிறேன் என்று சொல்லிவிட்டு மேலே உங்கள் இருவரோடு இருப்பேன். பேஸின் தடித்த கம்பியைத் தட்டினால் போதும், அடுக்கி வைத்த பித்தளை அண்டா எல்லாம் சேர்ந்து ரீங்காரம் போடும். நான் பதறிப்போய் வைக்கோலை அள்ளி அண்டாவுக்குள் திணிப்பேன். "வுடு அண்ணாச்சி, நாலாவது ஆளு வாசிக்கிறான். சம்பளம் கேக்காத ஆளு," என்பாய். அந்த ரீங்காரத்தைக் கம்ப்யூட்டரில் எடுத்துவிடலாமா என்று நவீன் கேட்டான். நான் கூடாது என்றேன். என்ன சத்தம் அது என்று கேட்டான். அண்டா என்றேன். எழுதி வைத்துக்கொண்டான்.

உனக்குப் பாட்டு வந்தது சாவு வீட்டில். பன்னிரண்டு வயதிலிருந்து உங்கள் பக்கத்தில் யார் செத்தாலும் உன்னைத்தான் கானா பாடக் கூப்பிடுவார்கள். கால்வாய்க்கரையில் உன் தொண்டைக்கு அப்படி ஒரு மரியாதை. பிறகு எதற்கு மச்சான் உனக்குக் கிடாரும் பேண்டும் என்று ஒருநாள் கேட்டேன். "கத்தணும் அண்ணாச்சி. ஆனா யாரும் சாவாமயே கத்தணும்," என்றாய். அதைவிட நல்ல காரணத்தை நான் இதுவரை கேட்டதில்லை.

மிச்ச நான்கு பாட்டும் ஒரே காலையில் கோடம்பாக்கத்தில் பதிவானவை. உன் மாமா ஒரு ரெக்கார்டிங் தியேட்டரில் வாட்ச்மேனாக இருந்தார். மத்தியானம் ஒரு சினிமாப் பாட்டு, அதற்கு முன் ஒன்பதிலிருந்து ஒரு மணிவரை தியேட்டர் சும்மா இருக்கும், அதற்குள் முடித்துக்கொள்ளுங்கள் என்று யார் யார் காலிலோ விழுந்து வாங்கிக் கொடுத்தார். நானும் சேகரும் எட்டரைக்கே போய் உட்கார்ந்துவிட்டோம். நீ ஒன்பதே முக்காலுக்கு வந்தாய். கண் இரண்டும் சிவந்திருந்தது. வாயைத் திறந்தாய், காற்றுதான் வந்தது.

"பக்கத்து வூட்டு அண்ணன் பூட்டாருடா. நேத்து எடுக்குற வரிக்கும் பாடிகினு இருந்தேன்."

"இன்னைக்கு ரெக்கார்டிங்னு தெரியும்லாலே? எவனாவது போய்ப் பாடுவானா?" என்று நான் கத்தினேன்.

"எனக்கு சைக்கிள் கத்துக்குட்த்தவரு அவரு. பாடாம எப்பிட்ரா வர்றது?"

நான் பேஸை எடுத்து மாட்டிக்கொண்டேன். முதல் மூன்று பாட்டை அந்தக் கிழிந்த தொண்டையை வைத்தே பாடினாய். அவை கத்துகிற பாட்டுகள், பொருத்தமாகவே இருந்தது. நான்காவது மெதுவான பாட்டு, அந்த வாரம்தான் நீ எழுதி முடித்திருந்தாய். அதற்கு வந்தபோது ஒன்றுமே வரவில்லை. மணி பன்னிரண்டேகால். தியேட்டர் இன்ஜினியர் வயதானவர், நல்ல மனுஷன். மைக்கில் சொன்னார்: "தம்பி, நீங்க தொண்டைக்கு ரெஸ்ட் குடுங்க. வேற யாராச்சும் ட்ராக் பாடிடுங்க. இன்னொரு நாள் வந்து இவர் மாத்திக்கலாம்."

கோடம்பாக்கத்தில் அது அன்றாட வழக்கம்தான். பெரிய பாடகர் வரத் தாமதமானால் வேறொருவர் தற்காலிகமாகப் பாடி வைப்பார். அதற்குப் பெயர் ட்ராக் பாடுவது. பிறகு பெரியவர் வந்து பாடியதும் முந்தைய குரலை அழித்துவிடுவார்கள். அப்படி அழிக்கப்போகிற குரலைத்தான் நான் கொடுக்க வேண்டும். சேகருக்கு ஸ்ருதி கிடையாது. வேறு ஆளும் கிடையாது.

எங்கள் வீட்டில் பேசுவது திருநெல்வேலித் தமிழ். நீ எழுதிய பாட்டோ கால்வாய்க்கரைத் தமிழ். என் வாயில் அது எப்படி நுழையும்? கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று நீ கையை ஏற்றி இறக்கிக் காட்டினாய், நான் உன்னைப் போலவே பாடினேன். உன்னைப் போல என்றால் அப்படியே நீ. ஒரு வருஷம் உன் பக்கத்தில் நின்று கேட்டவன் இல்லையா? தியேட்டர் வராந்தாவில் மத்தியானப் பாட்டுக்கு வந்த வயலின்காரர்கள் எட்டி எட்டி மணி பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரே டேக். முடிந்ததும் நீ உள்ளே வந்து என் முதுகில் ஓங்கி ஒரு அறை விட்டாய். சத்தம்தான் இல்லை, வாய் கொள்ளாத சிரிப்பு.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நீ மாற்றிப் பாடப் போனாய். தியேட்டரில் இடமில்லை என்றார்கள். அதற்கடுத்த ஞாயிறும் போனாய். வேண்டாத ஆட்களை உள்ளே விட்டதற்காக உன் மாமாவுக்குத் திட்டு விழுந்திருந்தது. மூன்றாவது வாரம் நீ போகவில்லை. அழிய வேண்டிய குரல் அப்படியே நின்றுவிட்டது.

கேசட் அட்டைக்கு எழுதியவன் நான்தான். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று நீதான் கொடுத்தாய். "நாலாவதுல உன் பேரு போடு அண்ணாச்சி," என்று ஒருமுறை இல்லை, மூன்று முறை சொன்னாய். "ஒரு பாட்டுதானலே, விடு. பேண்டுன்னா ஒரே குரலா இருக்கணும்," என்றேன். பெரிய மனுஷன் மாதிரி சொன்னேன். கொடுத்தவன் நான் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

பிறகு நடந்தது உனக்கும் தெரியும். நூறு கேசட் போட்டோம், அத்தனையும் போயிற்று. கல்லூரி விழாக்களில் கூப்பிட்டார்கள். மேடை ஏறியதுமே "பாலம்! பாலம்!" என்று கத்துவார்கள். நீ பாடத் தொடங்கினால் கேசட்டில் இருப்பது போலவே கூட்டமும் சேர்ந்து கத்தும், உன் குரலே எனக்குக் கேட்காது. மற்ற பாட்டெல்லாம் அவர்களுக்கு ஊறுகாய். கேசட்டில் அந்தக் குரலில் என்ன ஒரு சோகம், கால்வாய்க்கரையில் பிறந்தவனுக்குத்தான் அப்படி வரும் என்று ஒருவன் என்னிடமே வந்து சொன்னான். நான் சிரித்துக்கொண்டே பேஸை உறையில் போட்டேன். கையால் கொடுத்துவிட்டு மனசுக்குள் தினமும் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்தை வெளியே சொன்னதில்லை. சொல்லியிருந்தால் நீ அன்றைக்கே அட்டையை மாற்றியிருப்பாய். அது தெரிந்துதான் சொல்லவில்லை. கேட்காமலே நீ கொடுக்க வேண்டும் என்று இருந்தேன் போலிருக்கிறது.

அடையாறு கல்லூரி விழாவில், மேடைக்குப் பின்னால், நான்கைந்து பிள்ளைகள் உன்னைச் சுற்றி நின்றார்கள். "அந்தப் பாட்டை எப்படி அண்ணா அப்படிப் பாடினீங்க?" என்று ஒரு பெண் கேட்டாள். நீ என்னைப் பார்த்தாய். வாயைத் திறந்து ஏதோ சொல்லப் போனாய். உண்மையைத்தான் சொல்லப் போனாய் என்று இப்போது தோன்றுகிறது. அதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

"என் குரலை வச்சு இன்னும் எத்தன நாளுலே வண்டி ஓட்டுவே?"

பிள்ளைகள் தமாஷ் என்று நினைத்துச் சிரித்தார்கள். சேகர் தலையைக் குனிந்துகொண்டான். நீ கிடார் ஒயரை முழங்கையில் சுற்றி, முடிச்சுப் போட்டு, பைக்குள் வைத்தாய். பிறகுதான் பேசினாய். "இத்தினி நாளா இத்த உள்ள வச்சினா சிரிச்சினு இருந்த?" அவ்வளவுதான். அதற்குப் பிறகு நீ குடோனுக்கு வரவில்லை.

என் அப்பா இறந்த அன்று வந்தாய். சினிமா லைட் யூனிட் வேலையிலிருந்து நேராக வந்திருந்தாய், சட்டையெல்லாம் தூசி. பாடைக்குத் தோள் கொடுத்தாய். சுற்றிலும் சொந்தக்காரர்கள். மன்னிப்புக் கேட்க அது இடமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நீ ஆஸ்பத்திரியில் கிடந்தபோது வார்டு வரைக்கும் வந்தேன். தூங்கிக்கொண்டிருந்தாய். எழுப்பாமல் திரும்பிவிட்டேன். நீ தூங்கிக்கொண்டிருந்தது எனக்கு நிம்மதியாக இருந்தது. இதை வேறு யாரிடமும் சொன்னதில்லை.

இனி அன்றைய அடையாறு அறைக்கு வருகிறேன். பாட்டு முடிந்ததும் நவீன் திரையில் எதையோ முன்னும் பின்னும் நகர்த்திப் பார்த்தான்.

"சார், ஒரு டவுட். முதல் மூணு பாட்டுல தொண்டை கிழிஞ்சிருக்கு. நாலாவதுல சுத்தமா இருக்கு. ஒரே நாள் ரெக்கார்டிங்தானே?"

திவ்யா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். சொல்லியிருக்கலாம். நல்ல சந்தர்ப்பம். "மைக் வேற," என்றேன். நவீன் திரையில் அந்த இடத்தைக் குறித்து வைத்தான். பிறகு "ஓகே சார்," என்றான். அவன் நம்பவில்லை. வெள்ளிக்கிழமை எல்லாவற்றையும் தட்டு அடிக்கிற இடத்துக்கு அனுப்ப வேண்டும் என்றும், அதற்குமுன் உயிரோடு இருக்கிற உறுப்பினர்கள் ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்றும் சொன்னான். உறையின் பின்பக்கத்துக்குத் திவ்யா ஒரு குறிப்பு எழுதி வைத்திருந்தாள். என்னிடம் காட்டினாள். முழுக்க அந்த நான்காவது பாட்டைப் பற்றி. 'என் அப்பாவின் குரலில் என்னிடம் மிஞ்சியது இது' என்று தொடங்கியது. அதற்கு மேல் என்னால் படிக்க முடியவில்லை. கண்ணாடி கொண்டுவரவில்லை என்றேன். கண்ணாடி சட்டைப் பையிலேயே இருந்தது, அவள் அதையும் பார்த்தாள்.

கீழே இறங்கியதும் பஸ் ஸ்டாப்பிலிருந்து சேகருக்குப் போன் பண்ணினேன். நங்கநல்லூரில் பேரனைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுவிட்டுக் கூட்டிவருவதுதான் இப்போது அவனுக்கு வேலை.

"வாய மூடிக்கினு இரு," என்றான். "அந்தப் பொண்ணுக்கு இன்னா கீது, அந்தப் பாட்டு ஒண்ணுதான் கீது. அத்தயும் புடுங்கப் போறியா?"

"பொய்யில நான் எப்பிடிடே கையெழுத்து போடுவேன்?"

"இருவத்தஞ்சு வருசமா போடல? இப்ப இன்னா புதுசா? ஊரு கேக்குதுன்னதும் பேரு வோணுமா ஒனக்கு?"

போனை வைத்துவிட்டேன். கோபம் தலைக்கேறியது. மூன்று பஸ்ஸை விட்டேன். கோபம் அடங்கியதும் பயம் வந்தது, ஏனென்றால் அவன் கேட்டது சரியான கேள்வி. உண்மையைச் சொல்ல வேண்டும் என்று துடிக்கிறேனே, அது உண்மைக்காகவா, பேருக்காகவா? சும்மா இருந்தால் அந்தப் பெண் காலமெல்லாம் அந்நியனின் குரலை அப்பா என்று கேட்டுக்கொண்டிருப்பாள். சொன்னால் செத்தவனிடமிருந்து பிடுங்கியவன் ஆவேன். அதுவும் நீ எதிர்த்து ஒரு வார்த்தை பேச முடியாத நேரத்தில். இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. வீட்டில் கேஸ் ட்ரபிள் என்று கஷாயம் போட்டுக் கொடுத்தார்கள். குடித்தேன்.

புதன்கிழமை மத்தியானம் திவ்யா படிவத்தை எடுத்துக்கொண்டு கடைக்கே வந்துவிட்டாள். பாட்டு, எழுதியவர், இசை, பாடியவர் என்று கட்டம் போட்டிருந்தது. பாடியவர் கட்டத்தில் பதினான்கிலும் உன் பெயர்.

"கடைசில ஒரு கையெழுத்து போதும் அங்கிள். சேகர் அங்கிள் போட்டுட்டாரு."

சேகரின் கையெழுத்து கோணலாக இருந்தது. நான் பேனாவைத் திறந்தேன். திரும்ப மூடினேன்.

"அண்ணாச்சி, இந்த இட்லிக் கொப்பரையில எத்தன தட்டு வரும்?" என்று ஓர் அம்மா கேட்டார்.

"நாலும்மா," என்று அவரிடம் சொல்லிவிட்டுத் திவ்யாவைப் பார்த்தேன். "நாலாவது பாட்டை உங்கப்பா பாடலம்மா."

"இன்னாது?"

"நான் பாடினேன்."

முதலில் சிரித்தாள். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. எல்லாவற்றையும் சொன்னேன். சாவு வீடு, ட்ராக், இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள், கேசட் அட்டை, மேடைக்குப் பின்னால் நான் சொன்ன வார்த்தை, எதையும் விடவில்லை. நடுவில் அந்த அம்மா மூடியும் சேர்ந்துதானா என்று கேட்டார், சேர்ந்துதான் என்றேன். திவ்யா கொப்பரை அடுக்கில் கையை ஊன்றி நின்றுகொண்டிருந்தாள்.

"தெனம் தூங்க சொல்ல போன காதாண்ட வச்சினு கேப்பேன்," என்றாள். "ரெண்டு வருசமா. உங்களயா கேட்டுனு இருந்தேன்?"

மூடிய பேனாவைக் கல்லாவின் மேல் வைத்தேன்.

"அப்பா கீற வரிக்கும் சொல்லல. இப்ப ஏன் சொல்றீங்க? பேரு வோணுமா?"

"தெரியலம்மா. இல்லேன்னு சத்தியம் பண்ண முடியல."

படிவத்தை நான்காக மடித்துக் கைப்பையில் திணித்துக்கொண்டு வெளியே போனாள். தெருக் கூட்டத்தில் அவள் தலை தெரிகிற வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றேன். நடை அப்படியே உன் நடை. அந்த அம்மா கொப்பரையை வாங்காமல் போய்விட்டார்.

வியாழக்கிழமை போன் வரவில்லை. நானும் பண்ணவில்லை. சேகர் மட்டும் கூப்பிட்டு, "சொல்ட்டியா?" என்றான். சொல்லிவிட்டேன் என்றேன். வைத்துவிட்டான்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு நவீன் கூப்பிட்டான். "கொஞ்சம் வர்றீங்களா சார்? திவ்யா வந்திருக்காங்க." ஆட்டோவில் போகும்போது ஒரு முடிவுக்கு வந்தேன். அந்தப் பாட்டையே எடுத்துவிடச் சொல்லப் போகிறேன். யார் பெயரும் வேண்டாம், பதின்மூன்று பாட்டு போதும். அப்படி நினைத்ததும் நெஞ்சில் ஏதோ அறுந்தது போல வலித்தது. அந்த வலியிலேயே சேகரின் கேள்விக்குப் பதில் இருந்தது. ஆம், எனக்குப் பெயர் வேண்டும்தான். எப்போதும் வேண்டியிருந்தது.

திவ்யாவின் கண் வீங்கியிருந்தது. "உக்காருங்க அங்கிள்," என்றாள். நவீனிடம் பாட்டைக் கடைசிக் கட்டத்திலிருந்து போடச் சொன்னாள். இசையெல்லாம் நீக்கி, குரலை மட்டும் தனியாக எடுத்து வைத்திருந்தான். என் இருபத்தாறு வயதுக் குரல் அம்மணமாக வந்து நின்றது.

'அக்கரைக்கும் இக்கரைக்கும் அலைஞ்சு திரிஞ்சு, அடிபட்டு மிதிபட்டு ஓஞ்சு வந்தேன்...'

"நிறுத்துங்க," என்றாள். "திரிஞ்சுக்கு அப்பறம் இங்க மூச்சு வாங்குறீங்க."

திரும்பப் போட்டார்கள். ஆமாம். அவசரமாக, தண்ணீரில் முங்கி எழுந்தவன் இழுப்பது போல ஒரு மூச்சு. வரியை அது இரண்டாக உடைத்துவிட்டது. எத்தனை ஆயிரம் தடவை இந்தப் பாட்டைக் கேட்டிருப்பேன்! என் பெயர் அதில் இல்லை என்பதையே கேட்டுக்கொண்டிருந்தவனுக்கு இது எங்கே காதில் விழும்?

"அப்பா இத்த வூட்ல பாடுவாரு," என்றாள். "வேல முடிச்சு வந்து, சாப்ட்டுட்டு, கிடார்லாம் இல்லாம சும்மா பாடுவாரு. இந்த எடத்துல மூச்சே வாங்க மாட்டாரு. ஒரே இழுப்பு. சின்ன வயசுல நான் கேட்டேன், கேசட்டுல மட்டும் ஏம்ப்பா நடுவுல மூச்சு வாங்குறேன்னு."

"என்ன சொன்னான்?"

"'அன்னிக்கு எனக்கு மூச்சு பத்தல கண்ணு. தப்பு பண்ட்டேன். இதான் கரீட்டு, கேளு'ன்னு திருப்பிப் பாடிக் காட்டுவாரு. எப்ப கேட்டாலும் இதான் சொல்வாரு."

உன் சொந்த வீட்டில், உன் குழந்தையிடம், கதவைச் சாத்திக்கொண்டு, "அது நான் இல்லை கண்ணு, வேறொருத்தன்," என்று சொல்வதை யார் தடுத்தார்கள்? அத்தனை பேர் நடுவில் உன்னை அப்படிக் கேட்டவன் நான். என்னை ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எனக்கு வந்த பாராட்டை நீ எடுத்துக்கொண்டாய் என்று இருபத்தைந்து வருஷம் வெந்துகொண்டிருந்தேன். நான் பண்ணிய தப்பையும் உன்னுடையதாகவே எடுத்துக்கொண்டாய் என்பது எனக்குத் தெரியாது. அந்த அறையிலேயே, நவீன் முன்னாலேயே அழுதேன்.

திவ்யா எனக்கு ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. அதுவும் சரிதான். நான் மூக்கைத் துடைத்துக்கொள்ளும்வரை இருந்துவிட்டு, அந்த வரியை அவளே பாடிக் காட்டினாள். ஸ்ருதி கொஞ்சம் முன்பின்னாகத்தான் இருந்தது. ஆனால் ஒரே இழுப்பு. கழுத்து நரம்பு புடைக்க, திரிஞ்சைத் தாண்டி, மிதிபட்டைத் தாண்டி, கடைசி எழுத்துவரை போனாள். நீ அதை எப்படிப் பாட நினைத்திருந்தாய் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அந்த வரி உடையாமல் வந்தால்தான் பாட்டுக்கே அர்த்தம். அவ்வளவு தூரம் அலைந்தவன் நடுவில் நின்று இளைப்பாறினால் அது என்ன அலைச்சல்?

"உங்க பேரு போடச் சொல்லிட்டேன்," என்றாள் பாடி முடித்ததும். "நான் எழுதினதயும் மாத்திக் குட்த்துட்டேன். கோவம் போயிடுச்சுன்னு நெனச்சுக்காதீங்க."

"நினைக்கலம்மா."

படிவத்தை நீட்டினாள். நான்காவது கட்டத்தில் உன் பெயரை ஒரே கோட்டில் அடித்து, மேலே என் பெயரை எழுதியிருந்தாள். கையெழுத்துப் போட்டேன். அன்று சாயங்காலமே எல்லாம் தட்டு அடிக்கப் போய்விட்டது. அந்த மூச்சை எடுத்துவிட முடியும் என்றான் நவீன். வேண்டாம் என்றேன். அது என்னுடையது.

தட்டு இன்னும் வரவில்லை. என் பெயரை அச்சில் பார்க்கும் அவசரம் இப்போது இல்லை. காலையில் கடை திறந்ததும் முதல் ஆள் வருவதற்கு முன்னால் கொஞ்ச நேரம் கிடைக்கும். கல்லாவில் உட்கார்ந்தபடி, நெஞ்சு நிறைய இழுத்துப் பிடித்துக்கொண்டு, அந்த வரியைத் தொடங்குகிறேன். முதல் வாரம் பழைய இடத்திலேயே நின்றது. இந்த வயதில் நுரையீரல் எவ்வளவுதான் கேட்கும்? ஒருநாள் தலை சுற்றி மேஜையைப் பிடித்துக்கொண்டேன். நேற்று 'மிதிபட்டு' தாண்டி 'ஓஞ்சு' வரைக்கும் போய்விட்டேன், உடையாமல். இன்னும் ஒரு வார்த்தைதான்.